இடிந்த சுவரும் ஃபில்டரும்: கிராமத்துச் சிதைவிடங்களின் ஒளிப்படங்கள் குறித்து

1. கேள்வி

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைக் காட்டும் ஒளிப்படங்கள் பலவற்றில் வானம் கறுத்துத் திரண்டிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே நேரில் செல்பவர் காண்பதோ வெளிறிய வானத்தையும் மணலில் பட்டுத் தெறிக்கும் வெயிலையும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் கைபேசியில் சேர்க்கப்பட்டது. ஸ்னாப்சீட் செயலியில் ‘டிராமா’ என்ற ஃபில்டரைத் தேர்ந்து விரலை வலப்பக்கம் நகர்த்தினால் மெல்லிய மேகமும் புயல் மேகமாகிவிடும். செட்டிநாட்டின் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கிடைக்கும் ஒப்பனை வேறு வகை: பழுப்பேறிய ‘விண்டேஜ்’ நிறம், படத்தின் ஓரங்களில் இருட்டு, சில வேளை எண்ணெய் ஓவியத்தின் தூரிகைத் தீற்றல்.

இத்தகைய படங்களைப் பற்றிய விவாதம் வழக்கமாக இரண்டு நிலைகளில் நின்றுவிடுகிறது. ஒளிப்படம் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும், ஃபில்டர் இடுவது பொய் என்பது ஒன்று. ஒளிப்படமும் கலைதான், ஓவியருக்கு உள்ள உரிமை படமெடுப்பவருக்கும் உண்டு என்பது மற்றொன்று. முதல் நிலை, கை படாத படம் என்று ஒன்று இருப்பதாக நம்புகிறது. இன்றைய கைபேசி, பொத்தானை அழுத்திய கணத்திலேயே பல பதிவுகளை இணைத்து, நிழலை வெளிச்சமாக்கி, நிறத்தைக் கூட்டித்தான் ஒரு படத்தை நமக்குத் தருகிறது. இரண்டாம் நிலை, எடுக்கப்படும் பொருள் எதுவாயினும் ஃபில்டரின் வேலை ஒன்றே என்று எண்ணுகிறது. ஒரு செம்பருத்தியின் படத்தில் நிறத்தை மாற்றுவதும் ஓர் இடிந்த வீட்டின் படத்தில் நிறத்தை மாற்றுவதும் ஒரே செயலாக மாட்டா. இடிந்த வீடு, தனக்கு நேர்ந்தவற்றைத் தன் உடலிலேயே பதிந்து வைத்திருக்கும் சான்று.

எனவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: ஃபில்டர் இட்ட பிறகு, அந்தக் கட்டடம் ஏன் இடிந்தது என்பதற்கான தடயம் படத்தில் எஞ்சுகிறதா? உண்மைக்கும் அழகுக்கும் இடையிலான பழைய வழக்கைவிட இந்த அளவுகோல் பயனுள்ளது என்று கருதுகிறேன். எந்த ஃபில்டர், எந்தக் கட்டடத்துக்கு, எந்த அளவு என்று இது ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே பார்க்கச் செய்கிறது.

2. கண்ணாடிக்குள் பார்த்த மடாலயம்

ஃபில்டரின் வரலாறு கேமராவின் வரலாற்றைவிடப் பழையது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இயற்கைக் காட்சிகளைத் தேடிப் பயணம் செய்தவர்கள் ‘கிளாட் கண்ணாடி’ என்ற சிறு கருவியைக் கையோடு எடுத்துச் சென்றனர். சற்றே குவிந்த, கருநிறம் ஏற்றிய ஆடி அது. இன்று பிரான்ஸில் சேர்ந்துள்ள பகுதியில் பிறந்து ரோமில் வாழ்ந்த நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரெனின் பெயரால் வழங்கியது. பார்க்க வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலுள்ள ஆடியில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். நிறங்கள் அடங்கி, நுணுக்கங்கள் மங்கி, காட்சி ஓர் ஓவியம்போல் ஒடுங்கித் தெரியும்.

இந்தப் பார்வைக்கு விதிமுறை வகுத்தவர்களில் முதன்மையானவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். வை நதிப் பயணம் குறித்து 1782இல் வெளியான நூலில், வேல்ஸ் எல்லையிலுள்ள டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடு அவருக்கு முழு நிறைவைத் தரவில்லை. முக்கோண முகட்டுச் சுவர்கள் மிக ஒழுங்காக நிற்கின்றன, ஒரு சுத்தியலை அளவறிந்து பயன்படுத்தினால் நன்றாயிருக்கும் என்ற பொருளில் எழுதுகிறார். படம் சரியாக வருவதற்காகச் சிதைவை இன்னும் கொஞ்சம் சிதைக்கலாம் என்ற எண்ணம் கேமரா பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அச்சேறிவிட்டது.

அதே நூலில், அந்த இடிபாடுகளுக்குள் குடியிருந்த ஏழைகளைப் பற்றியும் கில்பின் எழுதுகிறார். துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்துச் சென்ற ஒரு பெண், கடைசியில் காட்டியது ஈரம் கசியும் தன் இருப்பிடத்தை. எழுத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. கில்பினைப் பின்பற்றி வந்த பயணிகளின் ஆடிக்குள் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று எண்ண முடியவில்லை.

டின்டர்ன் எப்படி இடிந்தது? 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி மடாலயம் கலைக்கப்பட்டது. கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் கழற்றி விற்கப்பட்டன. கூரை போன கட்டடத்தில் மழை இறங்கியது. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி. காலம் கவ்விய மடாலயம் என்று பயணிகள் உருகி நின்ற இடம், ஓர் அரசாணையும் ஓர் உலோக விற்பனையும் சேர்ந்து உருவாக்கியது.

3. மனிதக் கை மறைந்தால்தான் அழகா

இந்த உருக்கத்தைக் கோட்பாடாக ஆராய்ந்தவர்களில் இருவரைத் தவிர்க்க முடியாது. வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல், 1903இல் வெளியிட்ட நினைவுச் சின்னங்கள் பற்றிய ஆய்வில், ‘வரலாற்று மதிப்பு’, ‘பழமை மதிப்பு’ என்று இரண்டைப் பிரித்தார். முதலாவதை உணரப் படிப்பும் தகவலும் வேண்டும். இரண்டாவதை யாரும் உடனே உணர்ந்துவிடலாம். பாசி பிடித்த சுவரும் தேய்ந்த படியும் போதும். ‘விண்டேஜ்’ ஃபில்டர் எளிதில் பரவியதன் காரணத்தை ரீகலின் இந்தப் பிரிவினையில் காண்கிறேன். கட்டடத்தைப் பற்றி எதுவும் அறியாமலே பழமையின் உணர்ச்சியை அது கொடுத்துவிடுகிறது. நேற்றுக் கட்டிய வீட்டுக்குக்கூடக் கொடுத்துவிடும்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். 1911இல் வெளியான அவருடைய தொகுப்பில் உள்ள இடிபாடு குறித்த கட்டுரையில், மனிதன் எழுப்பியதை இயற்கை மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்வதில்தான் இடிபாட்டின் ஈர்ப்பு இருக்கிறது என்கிறார். ரோமாபுரியின் இடிபாடுகளில் மனிதர்கள் இடித்த அடையாளம் தெரியும் இடங்களில் அந்த ஈர்ப்பு குறைந்துவிடுகிறது என்றும் சொல்கிறார். கூர்மையான கவனிப்பு இது. சிம்மல் சொல்வது சரியானால், இடிபாட்டை அழகாக்க முனையும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, மனிதக் கையின் தடயத்தை மறைக்கவே முனைவார்கள். ஃபில்டர் அந்த வேலையை விரைவாகச் செய்து தருகிறது.

நமக்கு அருகிலுள்ள இரண்டு இடங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதே புயல் பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126ஐ அடித்துச் சென்றது. அந்தப் பாலம், பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில், 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. ரயில் மறுபடி இராமேஸ்வரம் வரை வந்தது. தலைமன்னாருக்கான கப்பல் போக்குவரத்தும் இராமேஸ்வரத்துக்கு மாறியது. தனுஷ்கோடியோ வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்டது. 1914 முதல் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த ரயில்-கப்பல் சேவையான போட் மெயிலின் நிலையமும் அஞ்சலகமும் தேவாலயமும் இடிந்தது இடிந்தபடி விடப்பட்டன. இடித்தது புயல், இடிபாடாகவே இருக்கச் செய்தது ஒரு நிர்வாக முடிவு. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ‘டிராமா’ ஃபில்டரில் கறுத்த வானத்தின்கீழ் நிற்கும் தேவாலயம் அந்த ஓர் இரவை மட்டுமே சொல்கிறது, அதற்குப் பின்வந்த அறுபது ஆண்டுகளைச் சொல்வதில்லை. அந்த அறுபது ஆண்டுகளில் அங்கேயே கூரைக் குடிசைகளில் தங்கி மீன்பிடித்து வாழ்ந்தவர்களின் குடும்பங்கள், 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் வரும் வண்டிக்கூட்டம், சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகள் எல்லாம் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றன. டின்டர்னின் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததே இங்கும்.

செட்டிநாட்டின் கதை கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. அங்குள்ள வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் விலை வீழ்ந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலவுடைமை 1938இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. 1948இல் பர்மாவின் நிலச் சட்டம். தேக்கையும் பளிங்கையும் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் கொண்டுவந்த பண வழி அடைபட்டது. இன்னொரு காரணம் இங்கேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். தலைமுறைதோறும் பங்கு கூடுகிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் ஓடு மாற்றவோ விற்கவோ முடியும். சம்மதம் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். முகப்பிலும், முற்றம் சூழ்ந்த வளவிலும் எடுத்த பழுப்புநிறப் படங்களில் இந்தக் காரணங்களில் ஒன்றுகூடத் தெரிவதில்லை. வீடு தானாகவே முதுமை எய்தியதுபோல் நிற்கிறது.

4. சுவரில் என்ன நடக்கிறது

பண வழியும் பங்காளிச் சிக்கலும் எந்தப் படத்திலும் தெரியாதே, ஃபில்டர் இல்லாத படத்தில் மட்டும் தெரியுமா என்று கேட்கலாம். நேரடியாகத் தெரியாது. ஆனால் அவற்றின் விளைவு சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. பழைய வீடுகளில் வேலை செய்த கொத்தனார் ஒரு சுவரின்முன் நின்றால், அது எங்கிருந்து நோயுற்றது என்று சொல்லிவிடுவார்.

தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை ஒரே மட்டமாகக் கறை இருந்தால் அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது. உச்சியிலிருந்து நாக்குப்போல் இறங்கும் கறை என்றால் மேலே ஓடு விலகியிருக்கிறது அல்லது தூம்பு அடைத்திருக்கிறது. காரை பொரிந்து வெண்பொடி உதிர்ந்தால் உப்புப் பூத்திருக்கிறது. குறுக்காக ஏறும் விரிசல் அடித்தளம் இறங்கியதைக் காட்டும். சுண்ணாம்புச் சுவரின் நடுவே சாம்பல்நிறத் திட்டு இருந்தால் யாரோ சிமெண்டால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டைச் சுற்றிலும் காரை புதிதாகப் பெயர்ந்திருக்கும். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் அடைபட்ட நீர் பக்கத்திலுள்ள சுண்ணாம்பை உடைத்துக்கொண்டு வரும். அக்கறையோடு செய்த பழுதுபார்ப்பே கேடாக முடிந்ததன் அடையாளம் அது.

இனி ஃபில்டர்களைப் பார்க்கலாம். ‘ஆயில் பெயிண்ட்’ வகைத் தோற்றத்துக்குப் பயன்படும் வழிமுறைகளில் ஒன்று, ஜப்பானிய ஆய்வாளர் குவாஹராவின் பெயரால் வழங்குவது; 1976இல் இதயத்தின் மருத்துவப் படங்களைத் தெளிவாக்க உருவானது. ஒவ்வொரு படப்புள்ளியையும் சுற்றியுள்ள சிறு சதுரத்தை அது நான்காகப் பிரிக்கிறது. எந்தப் பகுதியில் நிற ஏற்ற இறக்கம் மிகக் குறைவோ அதன் சராசரியை அந்தப் புள்ளிக்குத் தருகிறது. தூணின் விளிம்பு, சாளரத்தின் சட்டம் போன்ற பெரிய எல்லைகள் கூர்மையாக நிற்கும். நுண்ணிய மேடுபள்ளம் எல்லாம் வழித்து எடுக்கப்பட்டுவிடும். மயிரிழை விரிசலும் உப்புப் பொடியும் இந்த வழிமுறைக்கு வெறும் இரைச்சல், நீக்க வேண்டியவை. இதயப் படத்துக்கு நன்மை செய்த கணக்கு, சுவரின் படத்தில் நோய்க்குறிகளையே துடைத்துவிடுகிறது.

எச்.டி.ஆர் தோற்றம் தரும் ஃபில்டர் இதற்கு நேர் எதிர். அருகருகே உள்ள ஒளி வேறுபாட்டை அது பெருக்குகிறது. தனுஷ்கோடி தேவாலயத்தின் காரை உதிர்ந்த இடங்களில் பவளக் கற்கள் தெரிகின்றன. இயல்பிலேயே துளை நிறைந்த கல் அது. இந்த ஃபில்டரில் ஒவ்வொரு துளையும் குழியாகிறது, மேலோட்டமான கீறலும் பிளவுபோல் தெரிகிறது. கல்லின் பிறவிக் குணத்தையும் அதற்கு நேர்ந்த சேதத்தையும் பிரித்தறிய முடியாமல் போகிறது. ‘விண்டேஜ்’ வகை செய்வது மூன்றாவது கேடு. பச்சைப் பாசி, செம்பழுப்பு ஈரக்கறை, சமையற்கட்டுப் புகையின் கருமை, சிமெண்டின் சாம்பல் எல்லாவற்றையும் ஒரே பழுப்புக் குடும்பத்துக்குள் அது சேர்த்துவிடுகிறது. காரணங்களைப் பிரித்துக் காட்டிய நிறங்கள் ஒன்றாகிவிட, ‘பழசு’ என்ற ஒரே செய்தி மிஞ்சுகிறது.

செயற்கை நுண்ணறிவு வழி ஓவிய ஃபில்டர் இன்னும் தொலைவு செல்கிறது. 2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள் கேட்டிஸ், எக்கர், பெத்கே மூவரும், ஒரு படத்தின் உருவமைப்பையும் இன்னோர் ஓவியத்தின் பாணியையும் நரம்பணு வலைப்பின்னலால் இணைத்துக் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட படம் அந்நகரின் ஆற்றங்கரை வீட்டு வரிசை. அதன்மேல் ஏற்றிய ஓவியங்களில் ஒன்று வான்கோவின் ‘விண்மீன் இரவு’. அடுத்த ஆண்டு பிரிஸ்மா செயலி வழியே இந்த வகை நுட்பம் எல்லார் கைக்கும் வந்தது. இங்கே சுவரின் மேற்பரப்பு மங்குவதோ மிகைப்படுவதோ இல்லை, முற்றாக மாற்றப்படுகிறது. செட்டிநாட்டு ஆத்தங்குடியின் வீட்டுச் சுவர்மீது நாம் காண்பது, 1889இல் தென்பிரான்ஸின் வானத்துக்காகத் தீட்டப்பட்ட சுழிகளை. கட்டடத்தின் வெளிக்கோடு மட்டுமே கட்டடத்துக்குச் சொந்தம்.

எச்.டி.ஆர் என்ற பெயரிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு உரிய நியாயத்தைச் செய்ய வேண்டும். கேமராவை அசையாமல் நிறுத்தி, வெவ்வேறு ஒளி அளவுகளில் பல படங்கள் எடுத்து இணைக்கும் முறை அது. நடு முற்றத்தில் உச்சி வெயில், சுற்றிலும் தாழ்வாரத்தில் இருட்டு என்று அமைந்த வீட்டை ஒரே பதிவில் முழுதாக எடுக்க முடியாது. முற்றம் வெளுத்துப் போகும், அல்லது உத்திரத்தில் கரையான் ஏறிய மண்கோடு இருளில் மறையும். பல பதிவுகளை இணைத்தால் இரண்டும் கிடைக்கும். இதுவும் திருத்தம்தான், கணினியின் தலையீடு இதில் ‘விண்டேஜ்’ பழுப்பைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால் இது தடயத்தைக் கூட்டித் தருகிறது. தலையீட்டின் அளவை வைத்துப் படத்தை மதிப்பிடுவது தவறான இடத்தில் கொண்டுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

5. மூன்று முன்னோடிகள்

பாணியோடு தடயத்தையும் காத்தவர்கள் முன்பே உண்டு. லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசால் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்டவர். 1857, 1858 ஆண்டுகளில் திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை ஆகிய இடங்களில் படமெடுத்தார். அன்று சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையும் அவற்றுள் ஒன்று. அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ் நீலத்தை மிகையாக உணரும் தன்மையது. வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். ஆகவே நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைப்பது அவர் வழக்கம். இன்றைய ‘டிராமா’ ஃபில்டரின் மூதாதை அது. அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தின் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, ஒட்டி இணைத்து, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். மேகத்தைத் தீட்டிய கை, எழுத்து இருந்த இடத்தில் எழுத்தைப் பதிவதற்கே உழைத்தது. எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது என்ற தெளிவு இந்தச் செயலில் எனக்குத் தெரிகிறது.

வாக்கர் எவன்ஸ் 1936இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தி விளைவித்த குத்தகைக் குடும்பங்களின் மர வீடுகளை எடுத்தார். ஜேம்ஸ் ஏஜியின் எழுத்தோடு 1941இல் நூலாக வந்தவை அவை. கறுப்பு வெள்ளையும் ஒரு ஃபில்டர்தான். பாசியையும் கறையையும் பிரிக்கும் நிறத்தை அது இழக்கிறது. ஆயினும் எவன்ஸின் படங்களில் பலகையின் ரேகையும் ஆணித் தலையும் இடைவெளியும் தனித்தனியே தெரிகின்றன. பலகைகளுக்கு இடையே தெரியும் அந்த இடைவெளியே அக்குடும்பங்களின் குளிர்காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் கைவிடப்படவிருந்த சுரங்கக் கோபுரங்களையும் தொழிற்கூடங்களையும் எடுத்தனர். எப்போதும் மேகமூட்டமான நாள், நேர் எதிர்ப் பார்வை, நிழலற்ற வெளிச்சம். அதுவும் ஒரு தேர்ந்த பாணி. ஒரே வகைக் கட்டடங்களை அருகருகே வைத்து ஒப்பிட வழிசெய்வது அதன் பயன்.

6. ஒரு மறுப்பு

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அழகூட்டிய படங்களால்தான் மக்களின் கவனம் இந்த இடங்கள்மேல் திரும்பியது. கவனம் வந்தால் பயணிகள் வருவார்கள், பணம் வரும், வீடுகள் பிழைக்கும். செட்டிநாட்டில் சில வீடுகள் விடுதிகளாக மாறி உயிர் பெற்றது உண்மை. அங்குள்ள ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதும் உண்மை. அழகான படங்களின் பங்கை இதில் நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கவனம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது முகப்பில் நிற்கிறது. கதவின் வேலைப்பாட்டிலும் தூண் வரிசையிலும் நிற்கிறது. கழற்றி விற்கக்கூடியவையும் அவையே. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும் நிலையும் விலைக்குக் கிடைப்பதை அறிவோம். வீட்டின் உயிர் இருப்பதோ கூரையில். ஓடு ஒன்று விலகி, கைமரம் நனைந்து, கரையான் ஏறி, உத்திரம் இற்று, பிறகுதான் சுவர் சாய்கிறது. டின்டர்னில் ஈயத் தகட்டைக் கழற்றியபோது நடந்ததும் இதே வரிசைதான். கூரையையும் தூம்பையும் பின்கட்டையும் யாரும் படமெடுப்பதில்லை. அவற்றுக்கு எந்த ஃபில்டரும் பொருந்துவதில்லை.

ஃபில்டரைக் கைவிடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒப்பனை செய்த படத்தோடு, நிறம் மாற்றாத மூலப் படம் ஒன்றையும் எடுத்த நாள், ஊர், சுவரின் திசை ஆகியவற்றுடன் சேமித்து வைத்தல் பெரிய சுமையாகாது. வீட்டாரின் அனுமதியோடு மாடியேறிக் கூரையின் நான்கு பக்கத்தையும் முற்றத்தின் நான்கு தூம்பையும் எடுத்தால் எட்டுப் படங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை, அதே இடத்தில் நின்று எடுக்கலாம். எந்த மூலையில் ஓடு விலகியது, கறை எத்தனை விரற்கடை இறங்கியது என்று அந்த இரு தொகுப்புகளையும் அருகருகே வைத்துக் கொத்தனார் சொல்லிவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளுக்கும் தங்கள் கைபேசியிலேயே அது தெரியும்.